ஸ்டிக்கர் அடிக்க எந்த தெர்மல் பிரிண்டர்: ரிப்பன் உள்ளதா, இல்லாததா?

கேள்வி: 09-06-2023

கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) எழுதுகிறேன். மகளிர் குழுவாகச் சேர்ந்து யூகலிப்டஸ் தைலம், தேன், டீத்தூள் மூன்றையும் அடைத்து விற்கிறோம். இதுவரை ஜெராக்ஸ் கடையில் ஷீட் ஸ்டிக்கராக அடித்து, கத்தரியில் வெட்டி ஒட்டினோம். இப்போது பிரிண்டர் வாங்குவதாக முடிவு. ஒரு கடைக்காரர் "ரிப்பனே வேண்டாம், டைரக்ட் தெர்மல் எடுங்க, செலவே இல்லை" என்கிறார். இன்னொருவர் ரிப்பன் மெஷின்தான் நிற்கும் என்கிறார். இரண்டு பேருமே விற்கிறவர்கள். அண்ணா, நீங்கள் குன்னூரில் இந்த வேலையே பார்க்கிறீர்கள். எதை எடுக்கட்டும்?

09-06-2023, இரவு

மூன்று பொருளுக்கும் ஒரே பதில் இல்லை. டீத்தூளுக்கு எது எடுத்தாலும் ஓடும். தேனுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தைலத்துக்கு டைரக்ட் தெர்மல் கூடவே கூடாது.

சூடாகிற ஹெட் இரண்டு மெஷினிலும் உண்டு. டைரக்ட் தெர்மலில் மை என்று தனியாக எதுவும் கிடையாது. தாளின் மேல் நிறமில்லாத சாயமும் அதைக் கறுக்க வைக்கிற ஒரு பொருளும் பூசியிருக்கும். சூடு பட்ட இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து கறுப்பாகும். பஸ்ஸில் மெஷினில் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டும் ஏடிஎம் சீட்டும் இந்த வகைதான். பர்ஸில் வைத்த சீட்டு சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெயில், சூடு, எண்ணெய், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் மென்மையாக்கி எல்லாமே அதற்குப் பகை.

தெர்மல் டிரான்ஸ்ஃபரில் ஹெட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே ரிப்பன் ஓடும். மெல்லிய பாலியஸ்டர் படலம், அதன் ஒரு பக்கத்தில் மெழுகோ (வாக்ஸ்) ரெசினோ (செயற்கைப் பிசின்) கலந்த கறுப்பு மை. சூடு பட்ட இடத்தில் கறுப்பு கழன்று லேபிளில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் வைத்தாலும் எழுத்து தானாக மறையாது. வேறு ஏதாவது வந்து அழித்தால்தான் உண்டு.

கடைக்காரர் சொன்ன "செலவே இல்லை" பாதி உண்மை. ரிப்பன் செலவு இல்லை, சரி. ஆனால் டைரக்ட் தெர்மல் ரோல், சாதா க்ரோமோ (பளபளப்புப் பூச்சுள்ள தாள்) ரோலைவிட விலை கூடும். தாள் நேராக ஹெட்டில் உரசி ஓடுவதால் ஹெட்டும் சீக்கிரம் தேயும். ரிப்பன் உள்ள மெஷினில் படலம் நடுவில் இருப்பதால் ஹெட்டுக்கு உரசல் குறைவு.

கடைக்காரர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்று: ரிப்பன் மெஷினில் ரிப்பனைக் கழற்றிவிட்டு, டைரக்ட் தெர்மல் ரோல் போட்டு, கம்ப்யூட்டரில் உள்ள டிரைவரில் டைரக்ட் தெர்மல் என்று மாற்றினால் அதுவும் அடிக்கும். டிஎஸ்சி 244 ப்ரோ, டிவிஎஸ் எல்பி 46 நியோ மாதிரி நம் ஊர்க் கடைகளில் அதிகம் பார்க்கிற நாலு இன்ச் மெஷின்கள் இப்படித்தான். டைரக்ட் மட்டும் அடிக்கிற மெஷினைப் பிறகு ரிப்பனுக்கு மாற்ற முடியாது.

10-06-2023

கையில் இருக்கும் ரோல் எந்த வகை என்று தெரியாவிட்டால் நகத்தால் வேகமாக ஒரு கோடு கீறுங்கள். சாம்பல் கோடு விழுந்தால் டைரக்ட் தெர்மல். விழாவிட்டால் சாதாத் தாள்.

12-06-2023

"தைலத்துக்குக் கூடவே கூடாது என்று இவ்வளவு அடித்துச் சொல்கிறீர்களே, பார்த்தீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

நேற்று மேஜை மேல் வரிசையாக ஒட்டினேன்: டைரக்ட் தெர்மல், க்ரோமோவில் வாக்ஸ் ரிப்பன், க்ரோமோவில் வாக்ஸ்-ரெசின், பிபி (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) லேபிளில் வாக்ஸ்-ரெசின், பாலியஸ்டரில் ரெசின். எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஒரே பார்கோடு. பஞ்சில் தைலம் நனைத்து ஒரே அழுத்தத்தில் தேய்த்தேன்.

டைரக்ட் தெர்மல் லேபிள் தைலத்தைக் குடித்து ஈரமாகி, எழுத்து கலங்கிப் படிக்க முடியாமல் போனது. வாக்ஸ் அதைவிடக் கோரம். முதல் இழுப்பிலேயே கறுப்பு பஞ்சுக்கு வந்து, மீதி லேபிள் முழுக்க அப்பிவிட்டது. விரலிலும்தான். க்ரோமோவில் வாக்ஸ்-ரெசின் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, ஆனால் தாள் தைலத்தைக் குடித்து உள்ளே கண்ணாடி போல ஆனது. பிபியில் வாக்ஸ்-ரெசின் லேசாகத் தேய்த்தால் நிற்கிறது, அழுத்தித் தேய்த்தால் எழுத்தின் ஓரம் உதிர்கிறது. பாலியஸ்டரில் ரெசின் மட்டும் அசையவே இல்லை. பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

தைலத்தின் பெரும்பகுதி சினியோல் என்கிற பொருள், மெழுகையும் பசையையும் கரைக்கிற குணம் அதற்கு உண்டு. ஜாடியில் விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் பழைய ஸ்டிக்கரைச் சுரண்ட நம் வீடுகளில் தைலம்தானே தடவுகிறோம். அதையே பாட்டிலில் அடைத்து, மேலே ஸ்டிக்கரும் ஒட்டி, இரண்டும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் எப்படி?

12-06-2023, சற்று கழித்து

ஒன்று விட்டுப்போனது. பாலியஸ்டர் லேபிளில் எழுத்து நின்றதே தவிர, ஓரத்தில் தைலம் வழிந்த இடத்தில் பசை இளகி மூலை தூக்கிக்கொண்டது. ரிப்பனை எவ்வளவு உயர்த்தினாலும் இதற்குத் தீர்வு இல்லை. தைலம் வெளியே வராமல் இருக்க வேண்டும். பாட்டில் வாயில் உள்ளடைப்பு போட்டு, அதற்கு மேல் மூடியைத் திருகுங்கள். அடைத்த பிறகு பாட்டிலைத் துடைத்து, கை கழுவி, உலர்ந்த பாட்டிலில் லேபிள் ஒட்டுங்கள். பல குழுக்களில் அடைக்கிற கையே ஒட்டுகிற கையாகவும் இருக்கும். லேபிள் கெடுவது அங்கேதான் ஆரம்பம்.

15-06-2023

ரிப்பன் பற்றித் தனிச் செய்தியில் கேட்டவர்களுக்குச் சேர்த்து.

வாக்ஸ்: தாள் லேபிளுக்கு. விலை குறைவு, குறைந்த சூட்டிலேயே அடிக்கும், நகம் பட்டால் கீறல் விழும். டீத்தூள் கவர், பெட்டி, அலமாரி அடையாளம் இதற்கெல்லாம் இது போதும். வாக்ஸ்-ரெசின்: பளபளப்பான க்ரோமோ, பிபி. தேன் பாட்டிலுக்கு இதைச் சொல்வேன்; ஒட்டும் கையோடு துடைப்பார்கள், ஈரத்துணி படும். ரெசின்: பாலியஸ்டர், பிபி மாதிரி பிளாஸ்டிக் லேபிளுக்கு மட்டும். சாதாத் தாளில் ரெசின் போட்டால் சரியாகப் பிடிக்காது, அதிகச் சூடு வைக்க வேண்டிவரும், ஹெட்டுக்கும் கேடு.

வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். கோர் (ரிப்பன் சுற்றியிருக்கும் நடுக்குழாய்) அரை இன்ச்சா, ஒரு இன்ச்சா? மை உள்பக்கமா, வெளிப்பக்கமா? இரண்டும் மெஷினுக்கு மெஷின் மாறும். மை எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் லேபிளின் பசைப் பக்கத்தை ரிப்பனில் அமுக்கி எடுங்கள். கறுப்பு ஒட்டிவந்தால் அதுதான் மைப் பக்கம். மைப் பக்கம் லேபிளைப் பார்த்து ஓட வேண்டும். மாற்றிப் போட்டால் லேபிள் வெள்ளையாக வரும், ஹெட் கறுப்பாகும்.

ரிப்பன் லேபிளைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். குறுகலாகப் போட்டால் விளிம்பில் லேபிள் நேராக ஹெட்டில் உரசும்.

17-06-2023

"எழுத்து குறைவாக அடித்தால் ரிப்பன் மிச்சமாகுமா?" ஆகாது. லேபிள் எவ்வளவு நீளம் நகர்கிறதோ அவ்வளவு ரிப்பனும் நகரும். ஒரு புள்ளி அடித்தாலும் அதே செலவுதான். 50 மி.மீ. உயர லேபிள், நடுவில் 3 மி.மீ. இடைவெளி என்றால் 300 மீட்டர் ரிப்பனில் ஏறக்குறைய 5,600 லேபிள். உயரம் 25 மி.மீ. இருந்து, பக்கத்தில் பக்கம் இரண்டாக வருகிற டூ-அப் ரோல் போட்டால் அதே 300 மீட்டரில் 21,000 தாண்டும். ரிப்பன் அகலம் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் லேபிளின் உயரத்தைக் குறையுங்கள்.

18-06-2023

கூடலூர்க்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். மிளகும் ஏலமும் ஆன்லைனில் அனுப்புகிறாராம், டைரக்ட் தெர்மலில்தான் எல்லாம் ஓடுகிறதாம், "ஏன் மக்களை ரிப்பன் பக்கம் தள்ளுகிறீர்கள்" என்கிறார்.

அவர் சொல்வது கூரியர் லேபிள். அதற்கு நானும் டைரக்ட் தெர்மல்தான் சொல்வேன். 100×150 மி.மீ. லேபிள், வாழ்நாள் ஒரு வாரம், பெட்டி போய்ச் சேர்ந்ததும் குப்பை. அதற்கு ரிப்பன் போடுவது வீண். கோத்தகிரிக் கேள்வி பாட்டில் லேபிள் பற்றியது. பாட்டில் கடை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும்.

ஆனால் கூரியர் லேபிளிலும் ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்காது. மழைக்குப் பயந்து லேபிள் மேல் செலோடேப்பை முழுக்க ஒட்டுகிறார்கள். டேப்பின் பசையே எழுத்தை வெளிறச் செய்யும். பளபளப்பில் ஸ்கேனரும் தடுமாறும். டேப்பை லேபிளின் ஓரத்தோடு நிறுத்துங்கள், பார்கோடு மேல் வேண்டாம். மழை பயமென்றால் மேல்பூச்சு உள்ள டைரக்ட் தெர்மல் ரோல் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர், உரசல் இரண்டையும் சாதா ரோலைவிட நன்றாகத் தாங்கும்.

இன்னொன்று. "நம் ஊர் குளிர்தானே, தெர்மல் தாள் கறுக்காது" என்கிறார். பெட்டி நம் ஊரிலேயே இருந்தால் சரி. பர்லியாறு தாண்டி மேட்டுப்பாளையம் இறங்கியதும் வண்டிக்குள் சித்திரை வெயில் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாததா?

19-06-2023

கூடலூர்க்காரர் சமாதானம். மிளகு அனுப்புகிறேன் என்றிருக்கிறார். லேபிளை எப்படி ஒட்டுகிறார் என்று பார்த்துவிடலாம்.

02-07-2023

கோத்தகிரித் தங்கச்சி மெஷின் வாங்கியாகிவிட்டது. ரிப்பன் மெஷின், 203 டிபிஐ. இன்று காலை போன்: "அண்ணா, தமிழ் எழுத்து மசமசன்னு இருக்கு."

203 டிபிஐ என்றால் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. ஆறு பாயின்ட் எழுத்து மொத்தமே 17 புள்ளி உயரம், அதில் மேலே சுழிக்கும் கீழே கொக்கிக்கும் இடம் போக, எழுத்தின் உடம்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதி. அதற்குள் "ண" தன் சுழியையும் கால்களையும் அடக்க வேண்டும். அடங்காது, இடைவெளி அடைத்துக் கறுப்புக் கட்டியாகிவிடும். "ம்" மேல் உள்ள புள்ளி இரண்டே இரண்டு டாட். சூடு கொஞ்சம் கூடினால் அது எழுத்தோடு சேர்ந்துவிடும். அவர் அனுப்பிய படத்தில் "தேன்" "தேன"வாக நிற்கிறது.

செய்ய வேண்டியது: தமிழை எட்டு பாயின்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். தடித்த எழுத்து வேண்டாம், சாதா எழுத்தே போதும். டார்க்னஸ்ஸை இரண்டு படி குறைத்து, வேகத்தையும் குறையுங்கள். மெதுவாக ஓடினால் குறைந்த சூட்டிலும் எழுத்து கூராக விழும்.

மெஷினுக்குள் இருக்கும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. விண்டோஸ் டிரைவர் வழியாகப் படமாகத்தான் போகிறது. சில லேபிள் சாஃப்ட்வேரில் "கொ" என்று அடித்தால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று பிரிந்து நிற்கும். அப்படி வந்தால் லேபிளை வேறு இடத்தில் படமாகச் செய்து கொண்டுவாருங்கள். படம் வெறும் கறுப்பு வெள்ளையாக, புள்ளிக்குப் புள்ளி சரியான அளவில் இருக்கட்டும்: 50 மி.மீ. அகலத்துக்கு 400 புள்ளி. சாம்பல் ஓரம் உள்ள படத்தைக் கொடுத்தால் மெஷின் அதைப் பொடிப் புள்ளியாக உடைத்து அடிக்கும். பெரிய படத்தைக் கொடுத்து மெஷினையே சுருக்கவிட்டாலும் அதே கதிதான்.

03-07-2023

"அப்படியானால் 300 டிபிஐ வாங்கியிருக்க வேண்டுமா?" என்ற கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். மெஷின் வாங்கும்போது தங்கச்சியிடம் 203 போதும் என்றேன். டீத்தூள் கவரில் ஒட்டும் பெரிய லேபிளுக்கு இப்போதும் அதையேதான் சொல்வேன். சின்னத் தைல பாட்டிலுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

அடைத்து விற்கும் பொருளின் லேபிளில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழ் கூடுதலாகப் போடலாம் என்பது விதி. ஆகவே தமிழில் மட்டும் அடித்துவிட்டுத் தப்பிக்க முடியாது, இரண்டும் வேண்டும். நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, செய்த அல்லது அடைத்த தேதி, பெயர், முகவரி, புகாருக்கான தொடர்பு, தேனுக்கும் டீத்தூளுக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். அத்தனையும் சின்ன லேபிளில் ஏற வேண்டுமென்றால் 203இல் மூச்சு முட்டும்.

பார்கோடும் இருக்கிறது. கடைகளில் பார்க்கும் 13 இலக்கக் கோட்டின் மெல்லிய கோடு சாதாரணமாக 0.33 மி.மீ.; 80 சதவீதம் வரை சுருக்கலாம், பொதுவாக அதற்குக் கீழே கூடாது; தெர்மல் மாதிரி தேவைக்கேற்ப அடிக்கிற மெஷினுக்கு மட்டும் 0.249 மி.மீ. வரை விலக்கு உண்டு. 203 டிபிஐ மெஷினில் ஒரு புள்ளி 0.125 மி.மீ. இரண்டு புள்ளி வைத்தால் 0.25, அது 80 சதவீதத்துக்கும் கீழே, விலக்கின் விளிம்பில் நிற்கும். மூன்று வைத்தால் 0.375, மொத்த பார்கோடு இரு பக்க வெற்றிடத்தோடு 42 மி.மீ. தாண்டும். நடுவில் எதுவும் கிடையாது, அரைப் புள்ளி அடிக்க முடியாதே. 300 டிபிஐயில் நாலு புள்ளி 0.339, பார்கோடு 38 மி.மீ. சொச்சத்தில் முடிந்துவிடும். 40 மி.மீ. லேபிளில் விளிம்பில் நிற்காத பார்கோடு வேண்டுமென்றால் 300. லேபிள் 50 மி.மீ. என்றால் 203 போதும்.

தங்கச்சி குழுவுக்கு இப்போதைக்குப் பார்கோடு இல்லை. மெஷினை மாற்ற வேண்டாம், லேபிளைப் பெரிதாக்கினால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

04-07-2023

"பார்கோடு எண் 890 என்று ஆரம்பித்தால் இந்தியாவில் செய்தது" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். இல்லை. அந்த எண் பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளையிடம் வாங்கியது என்று மட்டும் அர்த்தம். பொருள் எங்கே செய்தது என்பதை அது சொல்லாது.

26-07-2023

கலர் வேண்டும் என்பவர்களுக்கு. தெர்மல் மெஷினில் கலர் தேடி அலையாதீர்கள். சிவகாசியிலோ கோவையிலோ கலரில் லேபிளை ரோலாக அடித்து வாங்குங்கள். பேட்ச், தேதி, விலை போகும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, அதை இங்கே ரிப்பனில் அடித்துக்கொள்ளுங்கள்.

பிரஸ்காரரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டியது: அந்த வெற்றிடத்தில் வார்னிஷ் வேண்டாம், லேமினேஷன் வேண்டாம். அழகுக்காக முழுக்க வார்னிஷ் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அதன் மேல் வாக்ஸ் ரிப்பன் பிடிக்காது. விரலால் தடவினால் தேதி போய்விடும். தேதி அழிந்த பாக்கெட்டைக் கடைக்காரர் வாங்க மாட்டார். ரோலின் சுற்று எந்தப் பக்கம், கோர் எவ்வளவு என்பதையும் மெஷினைப் பார்த்து எழுதிக் கொடுங்கள்.

27-07-2023

ஒரு ரகசியம். ஓடி முடிந்த ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடித்தது அத்தனையும் தெளிவாகப் படிக்கலாம், கறுப்பில் வெள்ளை ஓட்டையாக. முகவரி அடிக்கிறவர்கள் பழைய ரிப்பனை அப்படியே குப்பையில் போடாதீர்கள், வெட்டிப் போடுங்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் அதை எடுத்துப் பட்டத்துக்கு வால் கட்டியிருந்தான். யார் யாருக்கு என்ன போயிற்று என்று வானத்தில் பறந்துகொண்டிருந்தது.

20-08-2023

மூன்று நாளாக மேகம் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சமயத்தில் வருகிற புகார் ஒன்றே ஒன்று: "லேபிள் சுருண்டு உள்ளே மாட்டுது."

தாள் ஈரத்தைக் குடிக்கிறது. அடித்து முடிந்ததும் ரோலை மெஷினிலேயே விடாமல் கழற்றி, பாலித்தீன் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கட்டி வையுங்கள். ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்த ரோலை உடனே போடாமல் அடிக்கிற அறையில் கொஞ்ச நேரம் இருக்கவிடுங்கள். சுவரோரம், சிமென்ட் தரை இரண்டும் வேண்டாம், பலகை மேல் வையுங்கள்.

ரோல் மாற்றிய பிறகு லேபிள் ஒன்று விட்டு ஒன்று வெள்ளையாக வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு லேபிளுக்கு நடுவே உள்ள இடைவெளியை சென்சார் வெளிச்சத்தால் பார்க்கிறது. ஈரமான தாளில், வேறு தடிமனில் அந்தக் கணக்கு மாறும். கேலிபரேஷன் (லேபிளையும் இடைவெளியையும் மெஷின் மறுபடி அளப்பது) ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும்.

மரம் விழுந்து கரண்ட் போவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன யுபிஎஸ் போதும், இந்த மெஷின் அதிகம் இழுக்காது.

21-08-2023

ஹெட் துடைக்க ஒருவர் தைலம் பயன்படுத்துகிறாராம், "பசை நன்றாகப் போகிறது" என்கிறார். போகும், கூடவே எண்ணெய்ப் பிசுக்கு தங்கும், ரப்பர் ரோலரையும் பதம் பார்க்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் மெடிக்கலில் கிடைக்கும். மெஷினை நிறுத்தி, ஹெட் ஆறியதும், பஞ்சால் ஒரே திசையில் துடைத்து, உலரவிட்டு மூடுங்கள். ரோல் மாற்றும்போதெல்லாம் இதைச் செய்தால் போதும். நம் ஊர்க்காரர்களுக்குத் தலைவலிக்கும் தைலம், மூட்டுக்கும் தைலம், பிரிண்டருக்கும் தைலம். 1843இல் இந்த மரத்தைக் கொண்டுவந்தவர்கள் இவ்வளவு எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

11-10-2023

ஜூனில் பாலியஸ்டர்-ரெசின் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, டீத்தூளுக்கும் அதையே போட்டிருக்கிறது ஒரு குழு. "நீங்கள்தான் நல்லது என்றீர்கள்." தைலத்துக்கு என்றேன்.

அதோடு ஒரு யோசனையும் வந்தது. பிளாஸ்டிக் விஷயத்தில் நம் மாவட்டம் மற்ற மாவட்டங்களைவிடக் கண்டிப்பு. கண்ணாடி பாட்டில், காகிதக் கவர் என்று மாறிவிட்டு, அதன் மேல் பாலியஸ்டர் லேபிள் ஒட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ரிப்பனும் பாலியஸ்டர் படலம்தான், ஓடியதும் குப்பை. லேபிளுக்குப் பின்னால் உரித்துப் போடும் தாளில் சிலிக்கான் பூச்சு உண்டு, பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டார். இந்தக் கணக்கில் டைரக்ட் தெர்மலுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம், ரிப்பன் குப்பை இல்லை. ஆனால் அதன் பூச்சிலும் கவலை இருக்கிறது. பிஸ்பீனால்-ஏ (பிபிஏ) கலந்த தெர்மல் தாளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியிலிருந்து எடையில் 0.02 சதவீதம் என்று வரம்பு வைத்தது. வாங்கும்போது பிபிஏ இல்லாத ரோலா என்று கேளுங்கள், கேட்டால்தான் கடைக்காரர் தேடிப்பார்ப்பார்.

எனவே: டீத்தூள் காகிதக் கவருக்குத் தாள் லேபிள், வாக்ஸ் ரிப்பன், உயரம் குறைவாக. பிளாஸ்டிக் லேபிள் தைலத்துக்கு மட்டும்.

06-01-2024

ஊட்டியில் உறைபனி, புல்லெல்லாம் வெள்ளை. சாக்லேட் செய்பவர் ஒருவர்: "காலையில் ஒட்டுகிற லேபிள் மத்தியானம் உதிர்ந்து கிடக்கிறது, ரிப்பன் மாற்றட்டுமா?"

ரிப்பனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பசைதான் காரணம். பொதுவான பசைக்கு ஒட்டும்போது 5–10 டிகிரியாவது வேண்டும். அதற்குக் கீழே பசை இறுகிப்போய்ப் பிடிக்காது. ஒட்டிய பிறகு குளிரில் வைத்தால் தாங்கும், குளிரில் ஒட்டினால்தான் வம்பு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவில் நீர்முத்து கட்டும்போது ஒட்டினால் இன்னும் மோசம். டப்பாவுக்கு முதலில் லேபிள், அப்புறம் சாக்லேட், அப்புறம் ஃபிரிட்ஜ். வெயில் ஏறிய பிறகு ஒட்டுங்கள், ஒட்டியதை விரலால் அழுத்தித் தேய்த்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள். பசை முழுப் பிடிப்புக்கு வர நேரம் எடுக்கும். குளிரிலேயே ஒட்டித் தீர வேண்டுமென்றால் ஃபிரீசர் கிரேடு பசை உள்ள ரோல் தனியாகக் கிடைக்கும்.

மெஷினும் 5 டிகிரிக்குக் கீழே ஓட்டுவதற்குச் செய்ததல்ல. காலையில் முதல் சில லேபிள் வெளிறி வந்தால் டார்க்னஸ்ஸை ஏற்றாதீர்கள். கொஞ்சம் ஓடினால் ஹெட் சூடேறிச் சரியாகும். ஏற்றிவிட்டீர்களானால் பத்து மணிக்கு எல்லாம் மசமசதான்.

09-01-2024

கொடைக்கானலிலிருந்து ஒருவர். மலைப்பூண்டை வலைப்பையில் போட்டு விற்கிறார், புவிசார் குறியீடு பெற்ற பூண்டு என்று அடித்து ஒட்ட வேண்டும், வலையில் லேபிள் நிற்கவில்லை.

வலையில் எதுவும் நிற்காது. ஸ்டிக்கரை விடுங்கள், ஓட்டை போட்ட அட்டை டேக் ரோல் வாங்கி நூலில் கட்டுங்கள். டேக்குக்கு இடைவெளி கிடையாது என்பதால் பின்னால் கறுப்புக் கோடு உள்ள ரோல், அதைப் படிக்கிற பிளாக் மார்க் சென்சார் உள்ள மெஷின் வேண்டும். நாலு இன்ச் மெஷின்கள் பலவற்றில் இரண்டு சென்சாரும் உண்டு, டிரைவரில் மாற்றினால் போதும். டேக்குக்கு வாக்ஸ் ரிப்பன். டைரக்ட் தெர்மல் டேக்கும் கிடைக்கிறது, ஆனால் சந்தையில் வெயிலில் தொங்கப்போகிற பொருளுக்கு நான் போட மாட்டேன்.

10-01-2024

கடைசிக் கேள்வி, கோத்தகிரியிலிருந்தே: பக்கத்து ஹட்டிக் குழு பழைய மெஷின் வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து. பட்டனை அழுத்திக்கொண்டே மெஷினை ஆன் செய்தால் செல்ஃப் டெஸ்ட் சீட்டு வரும். பல மெஷின்களில் இதுவரை எத்தனை மீட்டர் ஓடியது என்று அதில் இருக்கும். விற்பவர் "வீட்டில் சும்மா கிடந்தது" என்பார், சீட்டு வேறு சொல்லும். அப்புறம் முழுக்கக் கறுப்பாக ஒரு லேபிள் அடிக்கச் சொல்லுங்கள். லேபிள் ஓடுகிற திசையில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் முதலில் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். கோடு அதே இடத்தில் நின்றால் அந்தப் புள்ளி செத்துவிட்டது. அது பார்கோடுக்கு நடுவே விழுந்தால் ஸ்கேன் ஆகாது. ஹெட் தனியாக வாங்கி மாற்றலாம். புது ஹெட் விலையை இன்னொரு கடையில் கேட்டு, அதைக் கழித்துக்கொண்டு பேரம் பேசச் சொல்லுங்கள்.